வலது கன்னத்தில் ஒரு கை

வாயைத் திறக்க முடியாத டீச்சருக்கு எங்கள் பள்ளியில் வேலை இல்லை. யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சொல்லிக்கொண்டதுதான்.

தி. நகரில், கடைத்தெருவின் கூச்சல் கொஞ்சம் குறைகிற ஒரு குறுக்குச் சந்தில் இருக்கிறது அந்தப் பள்ளி. காது கேளாத சின்னப் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறோம். பார்க்க வருகிறவர்கள், "இவ்வளவு சத்தம் இருந்தா என்ன, உங்க பசங்களுக்குத்தான் கவலை இல்லையே" என்று ஒரு தமாஷ் செய்துவிட்டுத்தான் போவார்கள். காதில் மிஷின் மாட்டிய குழந்தைக்கு ஹாரன் சத்தமும் அம்மாவின் குரலும் சேர்ந்துதான் பெரிதாகக் கேட்கும். ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் சிரித்துவைப்பதோடு சரி.

நாங்கள் சொல்லிக்கொடுக்கும் விதம் இதுதான். குழந்தையும் நானும் முட்டியோடு முட்டி இடிக்க எதிரெதிரே உட்காருவோம். அதன் உள்ளங்கை என் கன்னத்தில், என் உள்ளங்கை அதன் கன்னத்தில். வாய் போகும் போக்கைக் கண் பார்க்கும், குரலின் அதிர்வைக் கை வாங்கிக்கொள்ளும், மிஷின் வழியாகக் கிடைக்கும் கொஞ்சநஞ்சத்தைக் காது எடுத்துக்கொள்ளும். குழந்தை சரியாகச் சொன்னால் அதன் கை என் கன்னத்திலேயே இருக்கும். தப்பாகச் சொன்னால் அந்தக் கையை மெதுவாக எடுத்து அதன் மடியில் வைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்போம். தலையாட்டல் கிடையாது, முகச் சுளிப்பு கிடையாது. கை இருந்தால் சரி, எடுத்தால் தப்பு. அம்மாக்கள் பின்னால் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், வீட்டில் போய் அப்படியே செய்ய வேண்டுமே.

நன்றாகப் பேச ஆரம்பித்த பிள்ளை சாதாரணப் பள்ளிக்குப் போய்விடும். அப்புறம் நம் பக்கம் வராது. அதுதான் எங்களுக்கு வெற்றி என்று தலைமை ஆசிரியை ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் சொல்வார். நானும் கை தட்டுவேன்.

மார்கழியில் ஒரு காலை, பல் தேய்க்கப் போனால் பிரஷ் உள்ளே போகவில்லை. ஒன்றரை விரல் அளவுக்குமேல் வாய் திறக்க மாட்டேன் என்றது. காதுக்கு முன்னால் கன்னம் முடிகிற இடத்தில் யாரோ ஆப்பு வைத்து அடித்த மாதிரி இருந்தது. சில மாதமாகவே கொட்டாவி விட்டால் அங்கே 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், நான் கண்டுகொள்ளவில்லை. இட்லியை விண்டு விண்டு உள்ளே தள்ளிக்கொண்டிருந்ததை என் கணவர் சேகர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்பவே சொன்னேன் வசு. நீ தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறே. பக்கத்துல படுத்திருக்கிற எனக்குப் பல் கூசுது."

"எப்ப சொன்னீங்க?"

"தீபாவளிக்கு முன்னாடி. அதுக்கும் நீ இப்பிடித்தான் கேட்டே, எப்ப சொன்னீங்கன்னு."

மயிலாப்பூரில் எங்கள் குடும்பமே போகும் பல் டாக்டரிடம் முதலில் போனேன். குளத்துக்குப் பக்கத்து மாட வீதியில், பூக்கடைக்கு மேலே மாடியில் இருக்கிறார். கடைவாய்ப் பல்லாக இருக்கும் என்று நினைத்தவர், என்னால் வாயைத் திறந்து அந்தப் பல்லைக் காட்டவே முடியவில்லை என்றதும் கையுறையைக் கழற்றிவிட்டார். முகத்தைச் சுற்றி வந்து முழுத் தாடையையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரே ஒன்று எழுதிக் கொடுத்தார். படத்தைப் பார்த்துவிட்டு, "பல்லு நல்லாத்தான் இருக்கு, தாடை மூட்டுதான் தகராறு" என்று அடையாறில் இருக்கும் ஒரு பெண் டாக்டருக்குச் சீட்டு கொடுத்தார். அங்கே போனால் அவர் ஒரு எம்.ஆர்.ஐ. எழுதினார்.

ஸ்கேன் சென்டரில் வாயை மூடியபடி ஒரு முறை, திறந்தபடி ஒரு முறை படம் எடுத்தார்கள். திறந்தபடி எடுப்பதற்குப் பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கட்டையைக் கொடுத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னார் அந்தப் பெண். போகிற வரைக்கும் போனது. குழாய்க்குள் தள்ளினார்கள். தலையைச் சுற்றி டமடமவென்று சத்தம். எனக்குப் பயம் வரும் என்று எதிர்பார்த்துப் படுத்திருந்தேன். வரவில்லை. நம் பிள்ளைகளுக்கு முதல் முதலாக மிஷின் மாட்டும்போது இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது, அதோடு சரி. வெளியே வந்தால் சேகர் வரவேற்பறையில் என் வளையல், தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடையாறு டாக்டருக்கு முப்பது சொச்சம் வயது இருக்கும். நிதானமாக விளக்கினார். காதுக்கு முன்னால் தாடை எலும்பு மண்டையோடு சேரும் இடத்தில் மெத்தை மாதிரி ஒரு சின்னத் திசு இருக்கிறதாம். என்னுடையது முன்பக்கம் நழுவி, கதவுக்கடியில் மிதியடி சிக்கிய மாதிரி வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதோடு, மெல்லுவதற்கென்று கன்னத்தில் இருக்கும் தசை, ராத்திரி பகல் என்று பல்லைக் கடித்துக் கடித்துத் தடித்துப் போய்விட்டது. அதுதான் தாடையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"உங்க கன்னம் உப்பலா இருக்கிறது சதையினால இல்ல மேடம். எக்சர்சைஸ் பண்ணின கை மாதிரி ஆயிருக்கு" என்றவர், "மனசுல ஸ்ட்ரெஸ் ஏதாவது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லையே" என்றேன்.

சேகர் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

நான் பொய் சொல்லவில்லை. சந்தோஷம் என்று தனியாக எதுவும் இல்லை, துக்கம் என்றும் இல்லை. பள்ளியில் பகல் முழுக்கப் பெரிதாகச் சிரிப்பேன், பெரிதாக ஆச்சரியப்படுவேன், எங்கள் வேலைக்கு முகம் எல்லாவற்றையும் பெரிதாகச் செய்தாக வேண்டும். மணி அடித்ததும் அந்த முகத்தைக் கழற்றிவைத்துவிட்டு வீட்டுக்கு வருவேன். சமைப்பேன், படுப்பேன். இதை வியாதி என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ராத்திரி மாட்டிக்கொள்ள மேல்பல்லுக்கு அளவெடுத்து ஒரு கண்ணாடித் தகடு மாதிரி செய்து கொடுத்தார்கள். சாப்பாடு எல்லாம் குழைவாக இருக்க வேண்டும் என்றார்கள். சேகர் ஆபீஸ் கிளம்பும் முன் சாம்பார் சாதத்தை மிக்சியில் ஒரு சுற்று சுற்றி டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போவார். பார்க்கச் சகிக்காது. ஆனால் மேலே கொஞ்சம் நெய் விட்டிருப்பார்.

அடுத்தது ஒளி சிகிச்சை. சூடு இல்லாத லேசர் என்றார் டாக்டர். வீக்கத்தையும் வலியையும் குறைக்குமாம், அறுப்பதும் சுடுவதும் இல்லையாம். வாரத்துக்கு இரண்டு முறை பள்ளி முடிந்ததும் போய்க் காத்திருப்பேன். காத்திருக்கும் அறையில் சுவர் முழுக்கச் சிரித்த வாய்கள், 'முன்பு', 'பின்பு' என்று ஜோடி ஜோடியாக. அந்த வாய்களை நான் வேறு மாதிரிப் பார்ப்பேன். இது ஈ சொல்கிற வாய், இது ஏ சொல்கிற வாய் என்று. உள்ளே கூப்பிட்டால் கறுப்புக் கண்ணாடி போட்டுவிடுவார்கள். தடித்த பேனா மாதிரி ஒன்றைக் காதுக்கு முன்னால் வைத்து அழுத்துவார் உதவிக்கு இருக்கும் பெண். கண்ணாடியின் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு தெரியும்.

"லேசா சூடு தெரியுதா மேடம்?"

"தெரியலை."

"சில பேருக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியலை."

ஒவ்வொரு முறையும் இதே பேச்சுதான். அவளுக்காகவாவது ஒரு தடவை தெரிகிறது என்று சொல்லியிருக்கலாம். வலி ஓரளவு குறைந்தது உண்மை. ஒன்றரை விரல் இரண்டு விரலானது. அங்கேயே நின்றுவிட்டது.

இதற்கு நடுவில் பள்ளியில் நஸ்ரீன் இருந்தாள். ஐந்து வயது. இராயப்பேட்டையில் தலைமுறையாகத் திரைச்சீலைத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். அவள் அம்மா ஃபர்ஹானா ஒரு நாள் தவறாமல் வந்து பாயில் உட்காருவாள். நஸ்ரீன் இடது கைக்காரி. எதிரே உட்கார்ந்தால் அவள் இடது கை என் வலது கன்னத்துக்குத்தான் வரும், அதுவும் சும்மா வைக்க மாட்டாள், சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி அழுத்திப் பிசைவாள். அவளை மயிலாப்பூரில் ஒரு சாதாரணப் பள்ளியில் சேர்க்கப் பேசியிருந்தோம். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். "பேரைக் கேட்டா அவளே சொல்லணும், நான் கேக்கிற நாலு வார்த்தை சொல்லணும். சொல்லிட்டா எடுத்துக்கறேன்" என்றிருந்தார். இந்த வருஷம் விட்டால் அந்த வகுப்புக்கு வயது தாண்டிவிடும். வேறு எந்தப் பள்ளியும் அந்த அளவுக்குக்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

என் வாய் பூட்டிக்கொண்டதிலிருந்து நஸ்ரீன் ஆ என்பதைப் பல்லைக் கடித்தபடி சொல்ல ஆரம்பித்திருந்தாள். என்னைப் பார்த்துத்தானே சொல்கிறாள். பக்கத்து வகுப்புக் கமலா டீச்சரிடம் அனுப்பிப் பார்த்தேன். கமலாவின் கன்னத்தில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் அவள் வாயைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டு நேராக என் அறைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"வேற யாருகிட்டயும் வாய் தொறக்க மாட்டேங்கறா டீச்சர்" என்றாள் ஃபர்ஹானா. "எப்ப சரியாகும்னு டாக்டர் சொன்னாங்க?"

அன்றைக்குத்தான் ஊசி போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

போடாக்ஸ் என்றதும் வீட்டில் ஒரே கேலி. என் நாத்தனார் போனில், "அப்போ சுருக்கமெல்லாம் போயிடுமா அண்ணி? எனக்கும் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றாள். நடிகைகள் நெற்றியில் போட்டுக்கொள்ளும் அதே மருந்துதான். இறுகு என்று நரம்பு தசைக்கு அனுப்பும் தகவலை அது நடுவழியில் மறித்துவிடும். தசை மூன்று நான்கு மாதம் ஓய்வெடுக்கும், தாடை விடுபடும், அதற்குள் மூட்டு தேறிக்கொள்ளும்.

"மரத்துப் போயிடுமா?" என்று கேட்டேன்.

"மரத்துப் போகாது மேடம். தொட்டா எல்லாம் தெரியும். இறுக்கத்தான் வராது."

காப்பீட்டுக் கம்பெனியில் இது அழகு சிகிச்சை, பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கிளினிக் மாடிப்படியில் நின்று சேகர் போனில் கத்திக்கொண்டிருந்தது உள்ளே எங்களுக்குக் கேட்டது. "சார், நான் என் பொண்டாட்டியை அழகாக்கச் சொல்லலை. அவ வாயைத் திறக்கணும், அவ்வளவுதான் கேக்கறேன்!" வரவேற்பறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் இரண்டு விரல் அளவுக்குச் சிரித்தேன்.

ஊசி போட்டுக்கொண்ட அன்று சேகருக்கு ஆபீஸில் தணிக்கை. காலையில் என்னைக் கிளினிக்கில் இறக்கிவிட்டுப் பெருங்குடிக்குப் போய்விட்டார். டாக்டர் பல்லை இறுகக் கடிக்கச் சொல்லி, கன்னத்தில் புடைத்த இடத்தைத் தடவிப் பார்த்து, பென்சிலால் புள்ளி வைத்தார். இரண்டு பக்கமும் மெல்லிய ஊசி. எறும்பு கடித்த அளவுகூட இல்லை.

"இன்னைக்கு முழுக்கக் கன்னத்தைத் தொடக்கூடாது. தேய்க்கவே கூடாது. அழுத்தினா மருந்து பக்கத்துத் தசைக்குப் போயிடும். படுக்காம உக்காந்தே இருங்க. வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க."

சரி என்றேன். கீழே வந்து ஆட்டோ ஏறினேன். வீட்டுக்குப் போக மயிலாப்பூர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், அதற்குள் ஃபர்ஹானாவின் போன். நஸ்ரீனுக்கு ஜுரம் விட்டுவிட்டது, ஒரு வாரம் கழித்து இன்றைக்குத்தான் கூட்டி வந்திருக்கிறேன், நீங்கள் இல்லையா என்று.

"தி. நகர் போங்க" என்றேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்த டிரைவர், "இன்னாமா, பல்லு புடுங்கிட்டாங்களா? மூஞ்சில்லாம் புள்ளி புள்ளியா கீது" என்றார்.

"ஊசி போட்டாங்க."

"மூஞ்சிலயா? அப்பால இன்னாத்துக்குமா தி. நகரு? ஊட்டுக்குப் போயி கம்முனு உக்காரு."

டாக்டர் சொன்னதையே அவரும் சொன்னார். கூடுதலாக மீட்டருக்கு மேலே இருபது ரூபாயும் கேட்டார்.

நஸ்ரீன் இளைத்திருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு முட்டியோடு முட்டி உட்கார்ந்தாள். இடது கையை என் வலது கன்னத்தில் வைத்தாள். எனக்கு நினைவில்லாமல் இல்லை, டாக்டரின் குரல்கூடக் காதில் இருந்தது. முதல் தடவை ஆ என்றேன், என் இரண்டு விரல் வாயால். கையை எடுத்து அவள் மடியில் வைத்துவிடலாம் என்று மணிக்கட்டைப் பிடிக்கவும் போனேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள். ஆ. பல்லைக் கடிக்காமல், தொண்டையிலிருந்து, முழுசாக. ஜுரத்தில் படுத்திருந்த ஒரு வாரம் என் வாயைப் பார்க்காமல் இருந்ததாலோ என்னவோ, அவ்வளவு நல்ல ஆ அதற்கு முன் அவளிடமிருந்து வந்ததில்லை.

சரியாகச் சொன்ன பிள்ளையின் கையை எப்படி எடுப்பது? எடுத்தால் தப்பு என்று அர்த்தம். அவளுக்கு நாங்கள் கொடுத்திருக்கிற ஒரே உறுதி அந்தக் கைதான். டாக்டர் வேண்டாமென்றார், ஊசி போட்டிருக்கிறது என்றெல்லாம் அவளுக்குப் புரியவைக்க என்னிடமும் வார்த்தை இல்லை, அவளிடமும் இல்லை. விட்டுவிட்டேன். அவள் ஆ, ஆ என்று சொல்லிக்கொண்டே வகுப்பு முடிகிற வரைக்கும் என் வலது கன்னத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

பத்து நாள் போல் ஆனதும் வாய் திறந்தது. மூன்று விரல்! சேகர் மயிலாப்பூர் மெஸ்ஸிலிருந்து மெதுவடை வாங்கிவந்தார். நான் கடிப்பதை எதிரே நின்று பார்த்தார். "எப்பிடி இருக்கு?" என்றார். "நல்லா இருக்கு" என்று சொல்லி அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"வசு, மறுபடி சிரி."

குளியலறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். வாயின் இடது ஓரம் மட்டும் மேலே போனது. வலது ஓரம் இருந்த இடத்திலேயே இருந்தது. விரலால் தொட்டால் தெரிந்தது, கிள்ளினால் வலித்தது. அசையத்தான் இல்லை. அழ வேண்டும் என்று தோன்றவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மீதி வடையைச் சாப்பிட்டேன்.

டாக்டர் சிரிக்கச் சொன்னார், விசில் அடிக்கச் சொன்னார், கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். "பக்கவாதம் கிடையாது, பயப்படாதீங்க. சிரிக்கிற தசைக்குக் கொஞ்சம் மருந்து போயிருக்கு. அன்னைக்கு யாராவது தேய்ச்சு விட்டாங்களா?"

"ஒரு குழந்தை கை வெச்சிருந்தா."

"எவ்வளவு நேரம்?"

"வகுப்பு முடியற வரைக்கும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அதனாலன்னும் உறுதியா சொல்ல முடியாது மேடம். ஊசி போட்ட இடத்தாலயும் வரலாம். ரெண்டு மூணு மாசத்துல தானா சரியாயிடும். அதுவரைக்கும் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை."

அன்றிலிருந்து சேகர் வீட்டில் தமாஷ் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் சிரித்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துப் பேசினார். டிவியில் சிரிப்புக் காட்சி வந்தால் சேனலை மாற்றினார். என் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். எனக்குத்தான் வீடு இன்னும் கொஞ்சம் மௌனமாகிவிட்டது.

பள்ளியில் இப்போது ஆ பிரமாதமாக வந்தது. ஆனால் நஸ்ரீனின் பெயருக்குள் ஈ இருக்கிறதே. உதடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுபட்டுப் பல் தெரிய வேண்டும். நான் ஈ சொன்னால் இடது பக்கம் மட்டும் போகும். நஸ்ரீன் என் வாயையே கூர்ந்து பார்த்தாள். பிறகு சொன்னாள். அவளுடைய குட்டி வாய் ஒரு பக்கமாக, நான் இழுத்த அதே பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. ஒலி மட்டும் சுத்தமான ஈ. அந்தக் கையை எடுப்பதா, விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்ததில்லை. விட்டுவிட்டேன்.

"டீச்சர், இவ வாய் கோணிக்கினு போவுதே" என்று பின்னாலிருந்து ஃபர்ஹானா பதறினாள்.

"என்னோடது போகுதில்ல, அதான்."

கண்ணாடி வைத்துப் பார்த்தோம். கமலாவின் வாயைக் காட்டினோம். ஃபர்ஹானா தன் வாயைக் காட்டினாள். நஸ்ரீன் எல்லோரையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, மறுபடி கோணலாகத்தான் சொன்னாள். எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது அப்போதுதான். ஸ்கேன் குழாயில் வராத பயம், ஊசியில் வராத பயம். அந்தத் தலைமை ஆசிரியை இவளைப் பார்த்ததும் காதோடு முகத்திலும் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். என் கன்னத்தால் ஒரு குழந்தையின் படிப்பு போய்விடும்.  பயத்தை முகத்தில் காட்டாமல் மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

நேர்முகத்துக்கு நானும் போனேன். தலைமை ஆசிரியையின் மேசைக்கு இந்தப் பக்கம் ஃபர்ஹானா, நடுவில் நஸ்ரீன், ஓரத்தில் நான். வாயசைத்துக் கொடுக்கக் கூடாது என்று நிபந்தனை. வாயை இறுக மூடிக்கொண்டு மேசையில் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன் பேர் என்னம்மா?"

நஸ்ரீன் அவர் உதட்டைப் பார்த்துக் கேள்வியைப் புரிந்துகொண்டாள். பிறகு, "நஸ்ரீன்" என்றாள். வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்த் திரும்பியது.

தலைமை ஆசிரியை முன்னால் குனிந்தார். "வாய் ஏன் இப்படிப் போகுது? நரம்புல ஏதாவது? இதைச் சொல்லவே இல்லையே நீங்க."

ஃபர்ஹானா துப்பட்டாவின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லை மேடம்" என்றேன். "என்னைப் பார்த்துக் கத்துக்கிட்டா. எனக்குத் தாடையில ஊசி போட்டாங்க, அதுல இப்படி ஆயிடுச்சு." சொல்லிவிட்டு, அத்தாட்சிக்கு அவரைப் பார்த்து நன்றாகச் சிரித்துக் காட்டினேன். கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த 'முன்பு' படங்களில் ஒன்று எழுந்து வந்த மாதிரி இருந்திருக்கும்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

நஸ்ரீன் சொன்னாள். பிறகு அம்மா பெயர். தண்ணீர். ஆடு. இலை. மூடிய கண்ணோடு எல்லாவற்றையும் கேட்டார்.

"எனக்குத் தெளிவா கேக்குது" என்று கண்ணைத் திறந்தார். "ஜூன்ல கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் ஃபர்ஹானா அழுதாள். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். எல்லோரும் நல்ல சேதி என்று சொல்லும் ஒன்று நடந்திருக்கிறது என்று தெரிந்தது. எனக்குள்ளே எதுவும் அசையவில்லை. இன்னொரு பிள்ளை போகிறது, அவ்வளவுதான்.

ஜூலையில் என் வாய் நேராகிவிட்டது. ஒரே நாளில் ஆகவில்லை, தினம் கண்ணாடியில் பார்ப்பவளுக்குத்தான் தெரியும் அளவில், கொஞ்சம் கொஞ்சமாக. சேகர் மறுபடி தமாஷ் பேச ஆரம்பித்தார், எல்லாம் பழைய தமாஷ்தான். ராத்திரி தகடு மாட்டிக்கொள்கிறேன். பல் கடிப்பது குறைந்திருப்பதாகச் சொல்கிறார். மறுபடி ஊசி வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அப்போது பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுத்தான் என்றும் சொல்லியிருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரத்தில் ஃபர்ஹானா வந்து நின்றாள். பின்னால் நஸ்ரீன், புதுச் சீருடையில், இரட்டைப் பின்னலில். பக்ரீத்துக்கு எடுத்து வைத்த இனிப்பு என்று ஒரு டப்பா கொடுத்தாள். பள்ளியை விட்டுப் போன பிள்ளை திரும்பி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. 

நஸ்ரீன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். நானும் உட்கார்ந்தேன், முட்டியோடு முட்டி. அவள் இடது கை என் வலது கன்னத்துக்கு வந்தது. என் கை அவள் கன்னத்துக்குப் போனது. என்ன சொல்வது என்று யோசித்து, அவள் பெயரையே சொன்னேன். நஸ்ரீன். திருத்தமாக, உதடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போக.

அவள் என் வாயைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் கன்னத்திலிருந்த என் கையை மெதுவாக எடுத்து என் மடியில் வைத்தாள்.

"ஐயோ, டீச்சருக்கா தப்பு போடறே?" என்று ஃபர்ஹானா முன்னால் வந்தாள். இரு என்று சைகை காட்டி அவளை நிறுத்தினேன்.

கையை மறுபடி அவள் கன்னத்தில் வைத்தேன். வாயை இடது பக்கம் இழுத்துக்கொண்டு, முடிந்த மட்டும் கோணலாக, மறுபடி சொன்னேன். நஸ்ரீன்.

இந்த முறை அவள் என் கையை எடுக்கவில்லை.

  அவள் கையும் என் கன்னத்தை விட்டுப் போகவில்லை, பழையபடி பிசைந்துகொண்டிருந்தது. அந்த உள்ளங்கையின் சூடு எனக்கு நன்றாகத் தெரிந்தது.